பாயிரத்தில் சொல்ல வேண்டியது

தென்காசி மாவட்டத்துக் கல்லூரிகள் பலவற்றுக்குப் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம், தன் பெயரிலேயே ஒரு கடன்காரரைச் சுமந்துகொண்டிருக்கிறது. பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்தின் கதை அவருடையதன்று. லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய 'ரகசிய வழி' என்ற கதையிலிருந்து எடுத்தது. இதைத் துப்புத் துலக்கிச் சொல்ல எந்த ஆராய்ச்சியாளரும் வேண்டியிருக்கவில்லை. ஆசிரியரே முகவுரையில் சொல்லிவிட்டார். சொன்னதால் நாடகத்தின் மதிப்பு இறங்கவுமில்லை. கதையின் எலும்புக்கூடு லிட்டனுடையது, திருநெல்வேலிக் கோட்டையும் ஆசிரியப்பாவும் பிள்ளையுடையவை என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. அப்படிப் பார்க்கிறவருக்குப் பிள்ளையின் மேல் மதிப்புக் கூடவே செய்கிறது.

1990இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் குற்றாலம் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி, ஆழ்வார்குறிச்சி ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி, சுரண்டை காமராஜர் அரசு கலைக் கல்லூரி என்று ஒரு வரிசை இருக்கிறது. அங்கே இறுதியாண்டில் புராஜெக்ட் எழுதும் மாணவருக்கு லிட்டனின் இடத்தில் இப்போது சாட்ஜிபிடியோ ஜெமினியோ இருக்கிறது. லிட்டனுக்கு முகவுரையில் ஒரு வரி போதுமாக இருந்தது. இதற்கு என்ன எழுதுவது? அடிக்குறிப்பிலா, துணைநூற்பட்டியலிலா, நன்றியுரையிலா? எழுதினால் மதிப்பெண் போய்விடுமா? எழுதாவிட்டால் பிடிபடுவோமா? 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானதிலிருந்து உலகெங்கும் பல்கலைக்கழகங்களும் ஆய்விதழ்களும் இந்தக் கேள்விகளுக்கு ஆளுக்கொரு விடை சொல்லி வந்திருக்கின்றன. அவற்றையெல்லாம் ஒருமுறை பரப்பி வைத்துப் பார்த்து, நம் பக்கத்து மாணவருக்கு எது பொருந்தும் என்று யோசிப்பது இந்தக் கட்டுரையின் வேலை.

கருவி கைக்கு எட்டாத தூரத்தில் இருந்த காலம் போய்விட்டது. 2025 ஜூலையில் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டியின் கட்டணச் சேவையை ஓராண்டுக்கு இலவசமாகக் கொடுத்தது. அக்டோபரில் ஜியோ, கூகுள் ஜெமினியின் உயர்நிலைச் சேவையை 18 மாதங்களுக்கு இலவசமாக்கியது. அதிலும் முதல் வரிசை 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு, அதாவது கல்லூரி வயதுக்காரர்களுக்கு. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனம் அதே 2025 ஜூலையில் ஜியா என்ற பெயரில் தன் சொந்த மொழி மாதிரிகளை அறிவித்தது. இத்தகைய எந்திரங்களைக் கட்டுகிற நிறுவனமே வயல்காட்டுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஊரில், மாணவர்கள் அவற்றைத் தொடாமல் இருப்பார்கள் என்று நினைத்து விதி எழுதுவது வீண்வேலை.

இதற்கு முன்பு எல்லா ஆய்வேட்டையும் மாணவரே எழுதினார் என்றும் யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். கல்லூரி வாசல் கடைகளில் டைப்பிங், ஸ்பைரல் பைண்டிங்கோடு உள்ளடக்கமும் சேர்ந்தே கிடைத்த காலம் ஒன்று உண்டு. நன்றியுரைப் பக்கத்தில் இறைவனுக்கும் பெற்றோருக்கும் நெறியாளருக்கும் நூலகருக்கும் நன்றி இருக்கும். அந்தக் கடைக்காரருக்கு மட்டும் இருக்காது. ஏஐ வந்து நேர்மையைக் கெடுத்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் இந்தப் பழைய கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சட்டம். இந்தியாவில் கருத்துத் திருட்டைப் பற்றிய அதிகாரபூர்வ விதி, பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் அறிவித்த ஒழுங்குமுறை. அதன் அளவுகோல் விழுக்காடு. ஆய்வேட்டில் பிற எழுத்துகளோடு ஒற்றுமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கலாம். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியையே கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. உரிய முறையில் காட்டிய மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், நன்றியுரை போன்றவை கணக்கில் சேரா. தற்செயலாகத் தொடர்ந்து 14 சொற்கள் வரை ஒத்திருந்தாலும் குற்றமில்லை. ஒற்றுமையைப் பார்க்கும் மென்பொருளை இன்ஃப்ளிப்நெட் மையம் 2019 செப்டம்பரிலிருந்து 'சோத்சுத்தி' திட்டத்தின் மூலம் பல்கலைக்கழகங்களுக்குத் தருகிறது.

அந்த விதியை எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்போது திருட்டு என்றால் ஓரிடத்தில் இருப்பதை எடுத்து இன்னோரிடத்தில் ஒட்டுவது. ஏஐ எழுதும் பத்தியோ எந்த இடத்திலும் முன்பே இருந்ததில்லை. கேட்ட கணத்தில் சொல் சொல்லாகப் பிறக்கிறது. ஒற்றுமை அறிக்கை ஐந்து விழுக்காடு என்று காட்டும். மாணவரின் பங்கும் அதே ஐந்து விழுக்காடாக இருக்கலாம். விதி திருட்டுக்குத் தரும் விளக்கமும் இன்னொருவரின் உழைப்பையோ கருத்தையோ தன்னுடையதாகக் காட்டுவது என்பதுதான். எந்திரம் 'இன்னொருவர்' ஆகுமா என்று ஒரு வழக்கறிஞர் கேட்டால் நிர்வாகம் சற்றுத் தடுமாறும்.

அப்படிக் கேட்கப்படவும் செய்தது. 2024இல் அரியானாவின் ஓ.பி. ஜிண்டால் குளோபல் பல்கலைக்கழகத்தில் சட்ட முதுநிலை மாணவர் ஒருவரின் தேர்வு விடைகளில் 88 விழுக்காடு ஏஐ எழுதியது என்று சொல்லி, அந்தத் தாளில் அவர் தோல்வி என்று அறிவித்தார்கள். விடை தன் சொந்த எழுத்து, ஏஐ பயன்படுத்தக் கூடாதென்று பல்கலைக்கழகம் எந்த விதியும் வைக்கவில்லை, ஏஐ வெறும் கருவி என்றெல்லாம் வாதிட்டு அவர் பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பல்கலைக்கழகம் அவரைத் தேர்ச்சி பெற்றவராக்கியது. நவம்பரில் வழக்கு முடித்துவைக்கப்பட்டது. கேள்விக்குத் தீர்ப்பு கிடைக்கவில்லை. ஆனால் எந்தக் கல்லூரி முதல்வருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது: எழுத்தில் விதி வைக்காமல் மென்பொருள் காட்டும் எண்ணை நம்பித் தண்டித்தால் நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

அந்த எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாணவர்கள் அதிகம் அடிபடப்போவது அங்கேதான். சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரி 31 அன்று ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் சோதனையிலேயே அது ஏஐ எழுத்தில் 26 விழுக்காட்டைத்தான் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை ஏஐ என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று ஆறு மாதத்துக்குள், ஜூலை 20 அன்று, அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறி கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 விழுக்காடு கட்டுரைகளை அவை ஏஐ எழுதியவை என்றன. அமெரிக்காவின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியவற்றில் இந்தத் தவறு மிகக் குறைவு.

காரணம் எளிது. அடுத்து வரும் சொல் எவ்வளவு எதிர்பார்க்கக்கூடியதாக இருக்கிறது என்பதை வைத்தே இந்தக் கருவிகள் முடிவு செய்கின்றன. இரண்டாம் மொழியில் எழுதுகிறவர் தெரிந்த சொற்களையும் பாடப்புத்தகத் தொடர்களையும் நம்பியே எழுதுவார். பாவூர்சத்திரத்திலோ ஆலங்குளத்திலோ தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு, கல்லூரியில் வணிகவியல் ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதும் பெண்ணின் நடை அப்படித்தான் இருக்கும். ஒரு வரிகூடக் கருவியிடம் கேட்காமல் தானே எழுதினாலும் சந்தேகப் பட்டியலில் அவள் பெயர் வரும். ஆங்கிலம் கைவந்த நகரத்துப் பிள்ளை முழுவதையும் ஏஐயிடம் எழுதி வாங்கி நாலு சொல்லை மாற்றினால் தப்பித்துவிடுவான். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் டர்னிடின் நிறுவனத்தின் கண்டறி கருவியை நிறுத்தியபோது ஒரு கணக்குச் சொன்னது: ஆண்டுக்கு 75,000 தாள்கள், நிறுவனம் சொல்லும் தவறு விகிதம் ஒரு விழுக்காடு, அப்படியானால் சுமார் 750 தாள்கள் மேல் பொய்க் குற்றச்சாட்டு. நம் பல்கலைக்கழகங்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தமிழில் எழுதும் ஆய்வேடுகளுக்கு நிலைமை வேறுவிதம். பழைய தமிழ் ஆய்வேடுகளில் பல பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சானவை, அல்லது வெறும் ஸ்கேன் படங்கள். அவற்றை மென்பொருளால் படிக்க முடிவதில்லை. படிக்க முடியாததோடு ஒப்பிட்டு ஒற்றுமையைச் சொல்லவும் முடியாது. ஆங்கிலத் துறையில் ஒற்றுமை அறிக்கை மாணவரை மிரட்டுகிறது. தமிழ்த் துறையில் அதே அறிக்கை ஒரு சடங்கு. ஆக, கண்டுபிடித்துத் தண்டிக்கும் வழி இரண்டு பக்கமும் அடைபட்டிருக்கிறது. மிச்சம் இருப்பது மாணவரே சொல்லும் வழி.

அப்படிச் சொல்வதற்கு உலகில் என்ன முறைகள் இருக்கின்றன? 2023இன் முதல் சில மாதங்களில் மேற்கோள் கையேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வழிகாட்டுதல் வெளியிட்டன. அவை ஒன்றோடொன்று உடன்படவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. நவீன மொழிச் சங்கத்தின் கையேடு மார்ச்சில் சொன்னது: ஏஐயை ஆசிரியராக எழுதாதே, நீ கேட்ட கேள்வியையே தலைப்புபோல் வைத்து, கருவியின் பெயர், பதிப்பு, நிறுவனம், நாள், இணைய முகவரி ஆகியவற்றைக் கொடு. அமெரிக்க உளவியல் சங்கத்தின் கையேடு ஏப்ரலில் சொன்னது: நிறுவனத்தையே ஆசிரியராக வை, ஆண்டும் பதிப்பும் கொடு, பட்டியலில் சேர். சிகாகோ கையேட்டின் விடை இன்னொரு திசையில் போனது. அடிக்குறிப்பில் சொன்னால் போதும். வாசகர் சென்று பார்க்கக்கூடிய நிலையான இணைப்பு இல்லாவிட்டால் நூற்பட்டியலில் சேர்க்காதே.

மூவரும் மல்லுக்கட்டியது ஒரே சிக்கலோடு. உளவியல் சங்கம் அதை வெளிப்படையாகவே பேசியது. வாசகர் திரும்பப் போய்ப் பார்க்க முடியாத உரையாடலைத் தனிப்பட்ட தகவல்தொடர்பு என்று காட்டுவது அவர்கள் வழக்கம். ஆனால் இங்கே எதிர்ப்பக்கம் ஆள் இல்லை. அதனால் நிறுவனத்தைப் பிடித்து ஆசிரியர் இடத்தில் உட்காரவைத்தார்கள். முழு விடையையும் பின்னிணைப்பில் தரலாம் என்றும் சொன்னார்கள். எனக்கு இதில் சிகாகோவின் கைதான் ஓங்கியிருப்பதாகப் படுகிறது. துணைநூற்பட்டியல் எதற்காக? "நான் இதைப் பார்த்தேன், நீயும் போய்ப் பார்" என்று சொல்வதற்காக. ஒரே கேள்விக்கு இன்று ஒன்றும் நாளை வேறொன்றும் சொல்லும் கருவியை அந்தப் பட்டியலில் சேர்த்தால், வாசகரை ஆளில்லாத வீட்டுக்கு அனுப்பி வைத்ததாகும்.

ஆய்விதழ்கள் எழுப்பிய கேள்வி சற்று வேறு: ஏஐ கட்டுரையாசிரியர் ஆகுமா? 2023 ஜனவரியில் சாட்ஜிபிடியை இணையாசிரியராகப் போட்ட கட்டுரைகள் சில வெளிவந்தன. 'நேச்சர்' உடனே மறுத்தது: ஆசிரியர் என்றால் எழுதியதற்குப் பொறுப்பேற்க வேண்டும்; கருவியால் முடியாது; பயன்படுத்தியிருந்தால் ஆய்வுமுறைப் பகுதியில் சொல். பிப்ரவரியில் வெளியீட்டு அறநெறிக் குழுவான 'கோப்' இதையே சொன்னது. 'சயன்ஸ்' இதழ் முதலில் ஏஐ எழுத்தையே தடை செய்தது; அதே ஆண்டு இறுதியில் தடையைத் தளர்த்தி, சொல்லிவிட்டுப் பயன்படுத்தலாம் என்றது. உலகின் கறாரான இதழ்களில் ஒன்று ஓராண்டுக்குள் தடையிலிருந்து அறிவிப்புக்கு மாறியதைக் கல்லூரி நிர்வாகங்கள் கவனிக்கலாம்.

இதுவரை பேசியது வடிவம். பெரிய ஆபத்து உள்ளடக்கத்தில் இருக்கிறது. ஏஐயிடம் ஆதாரம் கேட்டால் அது தேடி எடுத்துத் தருவதாக மாணவர்கள் நம்புகிறார்கள். மொழி மாதிரி அடிப்படையில் செய்வது, அந்த இடத்தில் என்ன சொல் வந்தால் பொருந்தும் என்று கணிப்பது. 'திருக்குற்றாலக் குறவஞ்சி பற்றி ஐந்து ஆய்வு நூல்கள் சொல்' என்றால், தமிழாய்வாளர் பெயர்போல ஒரு பெயர், சென்னைப் பதிப்பகம்போல ஒரு பதிப்பகம், நம்பத்தக்க ஓர் ஆண்டு எல்லாம் வரும். ஐந்தில் இரண்டு உண்மையாக இருக்கலாம். எந்த இரண்டு என்பது நூலகத்துக்குப் போனால்தான் தெரியும். இணையத்தில் தேடி இணைப்போடு விடை தரும் கருவிகள் இதைக் குறைக்கின்றன, ஒழிப்பதில்லை. இணைப்பைச் சொடுக்கினால் அந்தப் பக்கத்தில் சொன்ன செய்தி இல்லாமலும் போகும்.

தமிழில் இது இன்னும் மோசம், காரணம் எந்திரம் படித்த தமிழ் குறைவு. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளியானபோது ஓப்பன்ஏஐ காட்டிய ஓர் எடுத்துக்காட்டில், முன்பு 116 துண்டுகளாக உடைந்த தமிழ் வாசகம் புதிய முறையில் 35 துண்டுகளானது. அதுவரை எந்திரத்தின் கண்ணில் தமிழ் எவ்வளவு சில்லுச் சில்லாகத் தெரிந்தது என்பதற்கு அது சாட்சி. பிறகு எவ்வளவோ மேம்பட்டுவிட்டது. ஆனாலும் புறநானூற்றுப் பாடல் என்று சொல்லிச் சங்க ஓசையில் ஒரு புதுப் பாட்டைக் கட்டித் தருவதற்கு அதற்குக் கூச்சமில்லை. குறவஞ்சி பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் வரி என்று அது தருவதை வீட்டில் இருந்தபடியே சோதிக்கலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்திலும் மூலங்கள் இலவசமாகக் கிடக்கின்றன. சோதிக்காமல் விட்டதற்கு ஊரில் நூலகம் இல்லை என்ற சாக்கு செல்லாது.

இல்லாத பழம்பாடலை நம்புவது ஏஐ காலத்து நோய் மட்டுமன்று. பதினெண்கீழ்க்கணக்கில் பதினெட்டாவது நூல் எது என்பதில் நெடுங்காலம் குழப்பம் இருந்தது. அந்தக் காலி இடத்துக்கு 'இன்னிலை' என்று ஒரு நூல் வந்து சேர்ந்தது. 1917இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை அதை உரையோடு பதிப்பித்தார். பிறகு 'கைந்நிலை' அச்சேறியது. இன்னிலை பிற்காலத்தில் யாரோ கட்டிய போலி என்ற முடிவுக்கு அறிஞர்கள் வந்தார்கள். வ.உ.சி.யின் நேர்மையை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். ஏமாற்றியது அந்த நூலின் பொருத்தம். இருக்க வேண்டிய இடத்தில், இருக்கத்தக்க பெயரோடு, இருக்கத்தக்க நடையில் அது இருந்தது. மொழி மாதிரி செய்கிற வேலையும் இதுவே, நொடிக்கு நொடி. போலியைக் கண்டறிய உதவியவை பழைய முறைகள்: சுவடி எங்கே, யாரிடமிருந்து வந்தது, வேறு உரைகாரர் யாராவது மேற்கோள் காட்டியிருக்கிறாரா? உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரையில் எந்தச் சுவடி யார் வீட்டிலிருந்து கிடைத்தது என்று வரிசையாக எழுதி வைத்தது வெறும் நன்றிக்காக மட்டுமில்லை.

படித்துப் பட்டம் வாங்கிப் பதவியில் இருப்பவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 2023 ஜூனில் நியூயார்க்கில், சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளை மனுவில் காட்டியதற்காக வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம். 2024 டிசம்பர் இறுதியில் பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயத்தின் ஆணை ஒன்றில், சென்னை உயர் நீதிமன்றத்தின் பெயரிலும் உச்ச நீதிமன்றத்தின் பெயரிலும் இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்றது தெரிந்து, ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். 2025 அக்டோபரில் டெலாய்ட் நிறுவனம் ஆஸ்திரேலிய அரசுக்குச் சுமார் 4,40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில் இல்லாத ஆய்வுகள் மேற்கோளாக இருந்தது வெளிவந்து, கட்டணத்தின் ஒரு பகுதியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. திருத்திய அறிக்கையில்தான் ஜிபிடி-4ஓ பயன்படுத்திய செய்தியைச் சேர்த்தார்கள். அந்த வரி முதல் பதிப்பிலேயே இருந்திருந்தால் படிக்கிறவர்கள் அடிக்குறிப்புகளைச் சந்தேகத்தோடு பார்த்திருப்பார்கள். அறிவிப்பின் பயன் இதுதான்: எங்கே தட்டிப் பார்க்க வேண்டும் என்று வாசகருக்குச் சொல்லிவிடுகிறது.

அந்த வரி எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு விடை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பது என் எண்ணம். நன்னூல் சிறப்புப் பாயிரத்துக்கு எட்டுச் செய்திகள் வேண்டும் என்கிறது. ஆக்கியோன் பெயருக்கு அடுத்து, இரண்டாவது இடத்திலேயே, 'வழி' வருகிறது. நூல் எதிலிருந்து வந்தது என்பதை வாசலிலேயே சொல்லிவிடு என்று பொருள். காலம், களம், காரணம் ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்வார் உண்டு. இவற்றைச் சிகாகோ கையேடு கேட்கும் கருவிப் பெயர், நிறுவனம், நாள் ஆகியவற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரிய தூரமில்லை. மேற்கோள் என்பது தனித்தனி வரிக்கான ஆதாரம். வழி என்பது முழு நூலும் எப்படி உருவாயிற்று என்ற வாக்குமூலம். ஏஐ இரண்டாவதைச் சேர்ந்தது. அதற்குரிய இடம் பாயிரம். துணைநூற்பட்டியலில் மாணவர் கையால் தொட்டுப் பார்த்த நூல்கள் மட்டும் இருக்கட்டும். ஏஐயின் எழுத்தையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டவருக்கு மட்டும் விலக்கு: சாட்ஜிபிடி தரும் குறள் விளக்கங்களை ஆராய்கிறவருக்கு அந்த விடைகள் மூலம், அவற்றை முழுமையாகப் பின்னிணைப்பில் தந்தே ஆக வேண்டும்.

தொல்காப்பிய மரபியல் இன்னும் ஒரு படி போய், வழிநூலை நான்காக வகுக்கிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு. மாணவர்கள் ஏஐயிடம் கேட்பவற்றை எழுதிப் பார்த்தால் ஏறக்குறைய இவையேதான். 'இந்த முப்பது பக்கத்தைச் சுருக்கு', 'இந்த நாலு குறிப்பை விரித்து எழுது', 'சுருக்கிவிட்டு முக்கியமானதை மட்டும் விரி', 'தமிழில் எழுதியிருக்கிறேன், ஆங்கிலமாக்கு'. இந்த நான்கும் ஒரே எடையுள்ளவை அல்ல. ஆனால் நம் கல்லூரிகளில் ஒன்று எல்லாவற்றுக்கும் தடை, அல்லது எதற்கும் கேள்வி இல்லை.

சுருக்கம் படிப்பதற்கு உதவி. அதை வைத்து எழுதினால் மூலத்தையும் படித்திருக்க வேண்டும், மூலத்தையே மேற்கோள் காட்ட வேண்டும். விரித்தல்தான் வினை. நாலு குறிப்பிலிருந்து நாற்பது வரி பிறக்கும்போது நடுவில் உள்ள முப்பத்தாறு வரியின் கருத்து யாருடையது என்பது எழுதியவருக்கே தெரியாது. அறிவிப்புப் போட்டாலும் அதை மாணவரின் எழுத்தாக மதிப்பிட முடியாது. புராஜெக்டில் இதைத் தடை செய்வதே நியாயம். மொழிபெயர்ப்பு நேர் எதிர். தமிழில் சிந்தித்துத் தமிழில் எழுதிய மாணவர் ஆங்கிலமாக்க உதவி பெறுவதில் கருத்து இடம் மாறுவதில்லை. இதைத் திருட்டோடு சேர்த்து வைப்பது தமிழ்வழி மாணவரைத் தமிழ்வழியில் படித்ததற்காகவே தண்டிப்பது. எழுத்துப்பிழை, இலக்கணம் பார்ப்பதற்கு அறிவிப்பே தேவையா என்று சிலர் கேட்பார்கள். தேவையில்லை என்பேன், வாக்கியமே மாறாத வரை.

அறிவிப்பு நீளமாக இருக்க வேண்டியதில்லை. முன்னுரையின் கடைசியில் இப்படி ஒரு பத்தி போதும்: "மூன்றாம் இயலை நான் தமிழில் எழுதி, ஆங்கிலமாக்க 2026 பிப்ரவரியில் கூகுள் ஜெமினியைப் பயன்படுத்தினேன். மொழிபெயர்ப்பை வரிவரியாக ஒப்பிட்டுக் கலைச்சொற்களைத் திருத்தினேன். பட்டியலில் உள்ள நூல்கள் அனைத்தையும் நேரில் பார்த்தேன். தரவு எதையும் ஏஐ உருவாக்கவில்லை. தமிழ் மூலமும் உரையாடலும் பின்னிணைப்பில் உள்ளன." இந்தப் பத்தியில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் வைவாவில் சோதித்துவிடலாம். பட்டியலில் மூன்றாவது நூலின் அட்டையைப் பற்றிக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். ஆராய்ச்சி மாணவர் ஏற்கெனவே மானியக் குழு விதிப்படி 'இது என் சொந்தப் படைப்பு' என்று உறுதிமொழி கொடுக்கிறார், நெறியாளரும் சான்று தருகிறார். அந்தத் தாளிலேயே இதையும் சேர்த்துக்கொள்ளலாம், இளநிலைக்கும் நீட்டலாம். தனிக் குழு, தனிப் படிவம், தனிச் சுற்றறிக்கை எதுவும் வேண்டாம்.

வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? குற்றாலத்தில் கடைசிக் காலத்தைக் கழித்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் கதை இங்கே உதவும். கம்ப ராமாயணத்தில் பெரும்பகுதி இடைச்செருகல் என்று முடிவு கட்டி, தம் ரசனைக்கு ஒத்த பாடல்களை மட்டும் தொகுத்துத் தந்தவர் அவர். சொற்களையும் திருத்தினார் என்று அவர்மேல் புகார் உண்டு. பதிப்பாசிரியருக்கு அந்த உரிமை இல்லை என்று தமிழறிஞர்கள் சண்டை பிடித்தார்கள். ராஜாஜியும் கல்கியும் கொண்டாடினார்கள். அவர் செய்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒளித்துச் செய்யவில்லை. மேடையேறிச் சொன்னார், அதனால்தான் சண்டை போட முடிந்தது, மூலத்துக்குத் திரும்பவும் முடிந்தது. மாணவரின் ஏஐ அறிவிப்பும் இவ்வளவே செய்யும். நல்ல ஆய்வேடா என்பதை அது தீர்மானிக்காது. எதைப் பற்றி வாதாட வேண்டும் என்பதை மேசைமேல் எடுத்து வைக்கும்.

அறிவிப்பால் கழுவ முடியாத ஒன்றும் இருக்கிறது. இந்த மாவட்டத்தின் வணிகவியல், பொருளியல் ஆய்வேடுகளுக்குப் பீடி சுற்றும் பெண்கள் வாடிக்கையான பொருள். கடையம், ஆலங்குளம் பக்கம் கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போக வேண்டிய வேலை. போகாமலே, இத்தனை பேர் இப்படிச் சொன்னார்கள் என்று அட்டவணை தயாரிக்க ஏஐக்கு ஒரு நிமிடம் போதும். இதை 'ஏஐ உதவியுடன் தயாரித்தது' என்று அடிக்குறிப்பிட்டாலும் அது பொய்த் தரவு. பொய்த் தரவுக்கு மேற்கோள் முறை கிடையாது. உண்மையாகவே போய்ப் பேட்டி எடுத்தவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: பெயரும் ஊரும் கூலியும் உள்ள அந்தப் பேட்டிகளை அப்படியே ஏஐயில் ஏற்றிச் சுருக்கச் சொல்வதற்கு அந்தப் பெண்களிடம் அனுமதி வாங்கவில்லை. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இதை வெறும் மரியாதைப் பிரச்சினையாக எண்ணிக் கடந்துபோக முடியாது.

இனி ஆசிரியர்கள். அசைன்மென்ட் கேள்வியையும் மாதிரி விடையையும் வகுப்புக் குறிப்பையும் ஏஐயிடம் வாங்கும் ஆசிரியர் மாணவரிடம் மட்டும் வாக்குமூலம் கேட்பது நெடுநாள் செல்லாது. இதற்கு முன்மாதிரி மலைக்கு அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தன் மாவட்ட நீதித்துறைக்கு ஏஐ கொள்கை ஒன்றை வெளியிட்டது. முடிவெடுக்கவோ தீர்ப்பு எழுதவோ ஏஐ கூடாது. மற்ற வேலைக்குப் பயன்படுத்தினால் எப்போது, எந்தக் கருவி, மனிதர் எப்படிச் சரிபார்த்தார் என்று பதிவு வைத்திருக்க வேண்டும். புளியரைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் நீதிபதிக்கே இந்தப் பதிவேடு உண்டு. இந்தப் பக்கத்துத் துறைத் தலைவர் மேசையில் அப்படி ஒன்று வைத்து, முதல் பக்கத்தில் தான் எடுத்த கேள்வித்தாளின் வழியை எழுதட்டும். மாணவரின் படிவத்தை அதன் பிறகு அச்சடிக்கலாம்.